நீலப் படமும் கடுக்காய்த் தண்ணீரும்

பென்ஷன் விஷயமாகப் போன மாதம் தென்காசியில் என் பழைய ஆபீசுக்குப் போயிருந்தேன். படம் வரைகிற அறையில் இப்போது இருப்பவர் ஒரு புதுப் பிரிண்டை விரித்து வைத்திருந்தார். வெள்ளைத் தாள், ஊதாக் கோடு. கிட்டப் போனால் அம்மோனியா நெடி மூக்கைத் துளைக்கிறது. "இதுக்கு ஏன் சார் புளூ பிரிண்டுன்னு பேரு? இதுல நீலம் எங்கன இருக்கு?" என்று கேட்டார். நான் பதில் சொல்ல ஆரம்பித்தேன். சாப்பாட்டு வேளை வந்து போயும் என் பதில் முடியவில்லை. "எழுதியே குடுத்திருங்க அண்ணாச்சி" என்று நயமாகச் சொல்லி வாசல்வரை வந்து வழியனுப்பினார். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் காலத்துப் பிரிண்டில் தாள் முழுக்க நீலம். கோடும் எழுத்தும்தான் வெள்ளை. அந்த நீலத்தைத் தந்தது ஓர் இரும்பு உப்பு. சீசாவில் இங்கிலீஷில் நீளமாக ஒரு பெயர் ஒட்டியிருக்கும். நாங்கள் வைத்த பெயர் பச்சை உப்பு. பாசி நிறத்தில், உடைந்த கண்ணாடிச் சில்லு மாதிரி மினுமினுக்கும். அதன் கூட்டாளி சிவப்பு உப்பு. இரண்டையும் தனித்தனியே தண்ணீரில் கரைத்து, இருட்டறையில் கலந்து, தாளில் தூரிகையால் ஒரே சீராகப் பூசிக் காயவைப்போம். தாள் இளம்பச்சையாக இருக்கும். அதன்மேல், கறுப்பு மையால் படம் வரைந்த, வெளிச்சம் ஊடுருவும் துணியை வைத்துக் கண்ணாடிச் சட்டத்துக்குள் இறுக்கி வெயிலில் காட்ட வேண்டும். வெயில் பட்ட இடத்தில் இரும்பு நீலமாக மாறித் தாளோடு ஒட்டிக்கொள்ளும். மைக்கோடு மறைத்த இடத்தில் மாறாமல் கிடக்கும். தண்ணீரில் அலசினால் கரைந்து ஓடிவிடும். அங்கே வெறும் வெள்ளைத் தாள்தான் மிஞ்சும். வித்தை இவ்வளவுதான். மீதியெல்லாம் வெயிலும் தண்ணீரும் எங்களைப் படுத்திய பாடு.

நான் மேலகரத்துக்காரன். வீட்டில் நெல் விவசாயம். மூன்று அண்ணன்மாருக்கே வயல் போதாது; எனக்கோ கையெழுத்து அழகாக வரும். அதனால் பள்ளிப் படிப்பு முடிந்ததும் பாசன வேலைகளைப் பார்க்கிற அந்தச் சின்ன ஆபீசில் ட்ரேசர் வேலைக்கு மனுப் போடச் சொன்னார்கள். கிடைத்துவிட்டது. என்ஜினீயர் பென்சிலால் போட்ட படத்தை ட்ரேசிங் துணியில் கறுப்பு மையால் நகல் எடுப்பவன்தான் ட்ரேசர். இரண்டு வருஷம் கோடு இழுத்தேன், எண் எழுதினேன், மை கொட்டினேன், திட்டு வாங்கினேன். அந்த இரண்டு வருஷத்தைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

பிறகு சாமுவேல் அய்யா மேலதிகாரியாக வந்தார். வயலுக்குள் இறங்கும்போது பூட்சைக் கழற்றி, இரண்டு கயிற்றையும் சேர்த்து முடிந்து, கழுத்தில் மாலை மாதிரி தொங்கவிட்டுக்கொள்வார். அந்தக் கோலத்திலேயே கலெக்டரிடமும் நின்று பேசுவார். யாரையும் அவர் திட்டி நான் கேட்டதில்லை. ஒரே ஒரு கேள்வி வைத்திருந்தார். மடையில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பார். முக்கால் அடி என்போம். "பாத்தீரா, நெனச்சீரா?" என்பார். பார்த்திருந்தால் பிழைத்தோம். நினைத்திருந்தால், குடையை எடுத்துக்கொண்டு நாலு மைல் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும். எங்கள் ஆபீசில் யாருக்கும் தொந்தி விழாததற்கு அந்தக் கேள்விதான் காரணம்.

அவர் வந்த புதிதில் நான் அலசிய பிரிண்டுகள் ஒரு வாரத்தில் வெளிறிப் போயின. மருந்து சரியில்லை என்றேன். மருந்து சரியில்லாததைப் பார்த்தேனா, நினைத்தேனா என்று கேட்டார். பிறகு ஒரே தாளை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை ஆபீஸ் கிணற்றுத் தண்ணீரிலும் மறு பாதியைக் குற்றாலத்திலிருந்து வருகிற வாய்க்கால் தண்ணீரிலும் அலசச் சொன்னார். கிணற்றுத் தண்ணீரில் அலசியது சாயம்போன சேலை மாதிரி ஆயிற்று. வாய்க்கால் தண்ணீரில் அலசியது மயில் கழுத்தாக நின்றது. எங்கள் கிணறு உவர். அந்த நீலத்துக்கு உவரும் சவுக்காரமும் ஆகவே ஆகாது. அன்றிலிருந்து வாய்க்கால் தண்ணீர்தான். அதிலும் ஒரு விதி வைத்தார். அலசிய தண்ணீரை வெள்ளைப் பீங்கான் கோப்பையில் பிடித்துப் பார்க்க வேண்டும். துளி மஞ்சள் தெரிந்தாலும் மறுபடி அலச வேண்டும். இரும்பு ஒரு பொட்டுக்கூட வெள்ளைக் கோட்டில் மிஞ்சக் கூடாது. என் விரல் நுனிகள் பத்தும் ஊறிச் சுருங்கியே இருந்தன. வண்ணாத்துறையில் என்னைக் கண்டால் தொழில்காரர்கள் தங்களில் ஒருவன் என்று இடம் விட்டு ஒதுங்கி உட்கார்வார்கள்.

தண்ணீருக்குக் குற்றாலம் உதவியது. வெயிலுக்கு அதுவே எதிரி. ஆனி ஆடியில் சாரல் பிடித்தால் தென்காசிக்குமேல் மேகம் தட்டி போட்டு அடைத்த மாதிரி நிற்கும். ஊரெல்லாம் ஐந்தருவிக்குக் குளிக்க ஓடும். நான் கண்ணாடிச் சட்டத்தைக் கம்பளியில் சுற்றி சைக்கிளில் கட்டிக்கொண்டு எதிர்த்திசையில் வெயிலைத் தேடி ஓடுவேன். கிழக்கே ஆறேழு மைல் போனால் கத்தியால் வெட்டிய மாதிரி சாரல் நின்று வெயில் அடிக்கும். ரோட்டோரம் சட்டத்தைச் சாத்தி வைத்துவிட்டுக் காத்திருப்பேன்.

ஒரு நாள் களையெடுக்க வந்த பெண்கள் ஏழெட்டுப் பேர் அதைப் போட்டோப் பெட்டி என்று நினைத்துவிட்டார்கள். முந்தானையைச் சரிசெய்து வரிசையாக நின்றார்கள். இது மனுஷரைப் பிடிக்காது, துணியில் வரைந்த படத்தைத்தான் பிடிக்கும் என்று விளக்கினேன். "அப்போ எங்களை வரைஞ்சு உள்ள வைக்க வேண்டியதுதான? வெயிலுதான் சும்மா கெடக்குல்லா" என்றாள் ஒருத்தி. சட்டத்தைத் திருப்பி வைத்தேன். அதற்குள் வெயில் கூடிப்போய் அன்றைய பிரிண்ட் கருகிவிட்டது.

அந்தப் பச்சை உப்புக்கு இன்னொரு குணம், காற்றில் இருக்கிற ஈரத்தைக் குடிக்கும். சாரல் காலத்தில் சீசாவை நன்றாக மூடாவிட்டால் மறுநாள் வெல்லப்பாகு மாதிரி இழுபடும். இரண்டாவது உலகச் சண்டை வந்த பிறகு அந்தக் கவலையும் இல்லை. சீசாவே வரவில்லை. மதராசில் கடைக்கு எழுதினால் கைவசம் இல்லை என்று பதில் வரும். அப்போதுதான் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஒருவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார், ரத்தம் குறைந்தவர்களுக்குத் தான் கலந்து கொடுக்கும் டானிக்கிலும் இதே இரும்பு உப்புத்தான், ஆனால் பழுப்பு நிறம் என்று. சாமுவேல் அய்யாவிடம் சொன்னேன். நோயாளிகளுக்குப் போக மீதி இருந்தால் மட்டும் தரும்படி ஒரு கடிதம் கொடுத்தார். கம்பவுண்டர் பிரசவத்துக்கு வந்திருந்த பெண்களையெல்லாம் எண்ணிக் கணக்குப் பார்த்துவிட்டு, ஒரு சின்னச் சீசா கொடுத்தார். பழுப்பு உப்பு மந்தம். பச்சை உப்புக்குப் பத்து நிமிஷம் வெயில் போதும் என்றால் இதற்கு அரைமணி வேண்டும். ஆனாலும் நீலம் வந்தது.

இந்தப் பஞ்சத்தால் அய்யா ஒரு உத்தரவு போட்டார். சின்ன வேலைகளுக்கு ஒரே பிரிண்ட். ட்ரேசிங் துணி ஆபீஸ் அலமாரியில் இருக்கும். பிரிண்ட் வேலை நடக்கிற இடத்தில் இருக்கும். சந்தேகம் வந்தால் துணியைப் பார்த்துக்கொள்ளலாம். நல்ல உத்தரவுதான். துணி அலமாரியில் இருக்கும்வரை.

இனித்தான் என் கதை.

சிற்றாற்றிலிருந்து பிரிகிற ஒரு வாய்க்கால் கொஞ்சத் தூரம் ஓடி மேலக்கால், கீழக்கால் என்று இரண்டாகும். மேலக்காலுக்கு ஒரு மதகு உண்டு. மதகின் திறப்பான அந்தக் கண்ணுக்குள் புகுந்தது போக மிச்சத் தண்ணீர் கீழக்காலுக்கு. பழைய மதகு இடிந்து, புதிதாகக் கட்ட உத்தரவாயிற்று. படத்தை நான்தான் துணியில் எடுத்தேன். மதகுக் கண்ணின் அகலம் ஒரு அடி மூன்று அங்குலம். ஒரு பிரிண்ட் போட்டு காண்டிராக்டர் வேலாயுதத்திடம் கொடுத்தேன். அவர் நல்ல வேலைக்காரர். மேலக்கால் பாசனத்தில் சொந்த வயலும் உண்டு. பிரிண்ட் வாங்க வந்த அன்று படத்தின் தலைப்பில் நான் ஒரு எழுத்தை விட்டிருந்ததைக் கண்டுபிடித்தார். நான் சிரித்துக்கொண்டே சலவைச் சோடாவைத் தண்ணீரில் கரைத்து, பேனாவில் தொட்டு, நீலத்தின்மேல் எழுதிக் காட்டினேன். சோடா பட்ட இடத்தில் நீலம் போய் வெள்ளை எழுத்து வந்தது. அவர் வாயைப் பிளந்து பார்த்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அதே சமயம் எங்கள் வீட்டில் என் மூத்த மகன் பிறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. துணிக்குக் கண்ட்ரோல். பிள்ளைக்குச் சட்டை தைக்க ஒரு முழம் மெல்லிய துணி கிடைக்காது. ட்ரேசிங் துணியை வெந்நீரில் ஊறப்போட்டுக் கசக்கினால் கஞ்சி எல்லாம் கரைந்து, உள்ளே பட்டுப்போல ஒரு துணி இருக்கும். ரத்தான படங்களை எங்கள் ஆபீசில் எல்லோரும் இப்படிக் கைக்குட்டை ஆக்குவது வழக்கம். நானும் ரத்துக் கட்டிலிருந்து ஒரு சுருளை எடுத்துக்கொண்டு போனேன். விரித்துப் பார்க்கவில்லை. ரத்தான படம் என்று நினைத்தேன். அந்தச் சுருளுக்குள் இன்னொரு துணியும் சேர்ந்து சுருண்டிருந்தது. என் மனைவி பொன்னம்மாள் இரண்டையும் அலசி மூன்று சட்டை தைத்துவிட்டாள். பையனுக்கு நன்றாகவே இருந்தது.

அடுத்த கார் நெல் சாகுபடியில் சாரல் ஏமாற்றியது. வாய்க்காலில் தண்ணீர் சுருங்கியது. கீழக்கால் கடைமடைக்கு ஒரு சொட்டும் எட்டவில்லை. புது மதகு அகலமாக இருக்கிறது என்று கீழக்கால் ஆட்கள் மனுக் கொடுத்தார்கள். அளந்தோம். ஒரு அடி எட்டு அங்குலம். வேலாயுதம் பதறாமல் தகரக் குழாயிலிருந்து பிரிண்டை எடுத்து விரித்தார். அதிலும் ஒரு அடி எட்டு அங்குலம். மதிப்பீட்டுக் காகிதத்தில் 'படத்தில் உள்ளபடி' என்று மட்டும் எழுதியிருந்தது. தாள் பஞ்சத்தில் பென்சில் படத்தை அப்போதே அழித்து வேறு படம் போட்டாயிற்று. துணியைக் கொண்டுவாரும் என்றார் சாமுவேல் அய்யா.

அலமாரியில் துணி இல்லை.

இரண்டு நாள் தேடினோம். மூன்றாம் நாள் மாலை வீட்டில் பையனைத் தோளில் போட்டிருந்தேன். சட்டையின் முதுகில், தையலுக்குப் பக்கத்தில், மங்கலாக என் கையெழுத்து தெரிந்தது. படத்தின் நம்பர். மூன்று சட்டையையும் மிச்சத் துண்டுகளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மதகுச் சுவரின் ஒரு மூலை இருந்தது. வடக்கு காட்டும் அம்புக்குறி இருந்தது. அகலம் எழுதிய இடம் அக்குள் வளைவில் வெட்டுப்பட்டுப் போயிருந்தது.

இதில் இன்னொரு சிக்கல். பொன்னம்மாளின் அப்பா கீழக்காலின் கடைமடைக்காரர். அவருடைய நாற்று கருக ஆரம்பித்திருந்தது. ஆபீசில் மருமகன் இருந்து என்ன பிரயோசனம் என்று சொல்லிவிட்டு எங்கள் வீட்டுக்கு வருவதையே நிறுத்தியிருந்தார். மேலக்கால் ஆட்களோ, ட்ரேசர் மாமனாருக்காகத் துணியை ஒளித்துவிட்டான் என்று பேச ஆரம்பித்தார்கள். இரண்டு பக்கமும் எனக்கு அடி.

ரிக்கார்டு அறைப் பியூன் ஒரு வழி சொன்னார். புதுத் துணியில் அதே படத்தை வரைந்து, நாலு நாள் வெயிலில் போட்டுப் பழசாக்கி அலமாரியில் வைத்துவிட்டால் யாருக்குத் தெரியும்? எனக்கும் அது தோன்றாமல் இல்லை. துணியை விரித்து ஓரக்கோடு கூட இழுத்துவிட்டேன். அகலம் எழுத வேண்டிய இடம் வந்ததும் கை நின்றது. நான் எழுதியது மூன்றுதானா? மாமனார் வயல் காய்கிறதால் மூன்று என்று நினைக்கிறேனா? எவ்வளவு யோசித்தாலும் எனக்கே தெரியவில்லை.

காலையில் மூன்று சட்டையையும் ஒரு காகிதத்தில் சுற்றி எடுத்துப்போய் சாமுவேல் அய்யாவின் மேஜைமேல் வைத்தேன். நடந்ததைச் சொன்னேன். அவர் ஒரு சட்டையை எடுத்து, இரண்டு கையையும் பிடித்து விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படித்தார். எந்தப் படத்தையும் அவர் அப்படித்தான் படிப்பார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"அகலம் என்ன எழுதினீரு?"

"மூணு அங்குலம், அய்யா."

"பாத்தீரா, நெனச்சீரா?"

"நெனச்சேன் அய்யா. இப்போ பாத்ததாச் சொல்ல முடியல" என்றேன்.

அவர் சட்டைகளை மடித்துத் திரும்பக் கொடுத்தார். பிள்ளைக்குப் போடச் சொன்னார். வெள்ளிக்கிழமை இரண்டு வாய்க்கால் ஆட்களையும் வரச் சொல்லியிருப்பதாகவும், அதற்குள் ஏதாவது பார்க்க முடிந்தால் பார்க்கும்படியும் சொன்னார். பார்க்க முடியாவிட்டால் பிரிண்டில் உள்ளதே செல்லும், வேறு வழியில்லை.

பிரிண்டை இரண்டு நாள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். எட்டின் இடது பக்கம் லேசாக மஞ்சள் ஓடியிருந்தது. வெயிலும் மழையும் பட்ட தாள். மஞ்சள் எங்கும்தான் இருந்தது. வேலாயுதம் சோடாவால் மூன்றை எட்டாக்கியிருப்பார் என்று உள்மனம் சொன்னது. மனம் சொல்வதை வைத்து என்ன செய்ய?

வியாழக்கிழமை காலை ஆபீசுக்குப் போட நல்ல சட்டை இல்லை. பொன்னம்மாள் ஒன்றை எடுத்து நீட்டினாள். மார்பில் உள்ளங்கை அகலம் கறுப்புக் கறை. இதைப் போட்டுக்கொண்டு எப்படிப் போவது என்று எரிந்து விழுந்தேன். அவளுக்கும் கோபம் வந்துவிட்டது.

"உங்க நீலத்தை நான் என்ன செய்யட்டும்? சவுக்காரம் போட்டா நீலம் போயி மஞ்சளா நிக்கி. அதும்மேல நீங்க டீயைக் கொட்டுனியோ, கருத்துப் போச்சு. வெறுஞ் சட்டையில டீ கொட்டுனா போவுது. சவுக்காரம் பட்ட எடத்துல மட்டும் சாவுற வரைக்கும் போவாது."

நான் சட்டையை வாங்கவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். அவள் இன்னும் கோபமாக இன்னொரு தடவை சொன்னாள்.

ஆபீசுக்கு அந்தக் கறைச் சட்டையோடே ஓடினேன். பழைய பிரிண்டுத் துண்டு ஒன்றில் சோடாவால் ஒரு கோடு போட்டேன். பக்கத்திலேயே வெயிலில் விழுந்த உண்மையான வெள்ளைக் கோடு ஒன்று இருந்தது. இரண்டின் மேலும் டீ தடவினேன். உண்மைக் கோடு கொஞ்சம் அழுக்கானது, அவ்வளவுதான். சோடாக் கோடு பழுப்பாக மாறியது. இன்னும் அழுத்தமாக வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய் வாங்கி இடித்துக் கொதிக்கவைத்துத் தடவினேன். சோடாக் கோடு கண் முன்னாலேயே கன்னங்கரேலென்று கறுத்தது.

காரணம் எளிது. அன்னபேதி என்கிற இரும்பு உப்பும் கடுக்காயும் சேர்த்து மை காய்ச்சியவர்களுக்குத் தெரியும், இரும்போடு கடுக்காய் சேர்ந்தால் கறுப்பு. சோடா நீலத்தை அழிக்கும். ஆனால் அதிலிருந்த இரும்பை வெளியேற்றாது. துருவாகத் தாளுக்குள்ளேயே விட்டுவைக்கும். உண்மையான வெள்ளைக் கோட்டில் இரும்பே கிடையாது. எல்லாம் வாய்க்கால் தண்ணீரில் போய்விட்டது. பீங்கான் கோப்பையில் நான் பார்த்துப் பார்த்து அலசியதற்குப் பலன் அன்றைக்குக் கிடைத்தது. அரைகுறையாக அலசியிருந்தால் எல்லாக் கோடும் கறுத்து என் மானத்தை வாங்கியிருக்கும்.

வெள்ளிக்கிழமை ஆபீஸ் வராந்தாவில் முப்பது பேருக்குமேல் கூடிவிட்டார்கள். என் மாமனாரும் வந்து ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் நின்றார். சாமுவேல் அய்யா முதலில் சட்டைக் கதையை எல்லோருக்கும் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. சிரித்தவர்கள் சிரித்தார்கள். எனக்குத் தலை நிமிரவில்லை. அப்புறம் பிரிண்டை மேஜையில் விரித்து, கடுக்காய்த் தண்ணீர்க் கிண்ணத்தையும் தூரிகையையும் வைத்தார். நான் தூரிகையை எடுக்கப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

"வேலாயுதம், நீரே தடவும்வே. பொறவு ஒருத்தரும் ஒண்ணும் சொல்லப்பிடாது."

முதலில் படத்தில் வேறோர் இடத்தில் நான் எழுதிய எட்டு ஒன்றைக் காட்டினார். வேலாயுதம் தடவினார். வெள்ளையாகவே நின்றது. அடுத்துத் தலைப்பில் நான் சோடாவால் சேர்த்த எழுத்து. தடவிக் கொஞ்ச நேரத்தில் அந்த ஒரு எழுத்து மட்டும் கறுத்து நின்றது. கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு. மூன்றாவதாக மதகுக் கண்ணின் அகலம்.

வேலாயுதத்தின் கை அந்தரத்தில் நின்றது. தூரிகையிலிருந்து ஒரு துளி தாளில் விழுந்தது. அய்யா அவசரப்படுத்தவில்லை. வேலாயுதம் தடவினார். எல்லோரும் குனிந்தோம். எட்டின் வலது பாதி வெள்ளையாக இருந்தது. இடது பக்கத்தில் இரண்டு வளைவுகள் மெல்ல மெல்லக் கறுத்தன. வெள்ளையை மட்டும் படித்தால் மூன்று. நான் முதல் தடவையாக அதைப் பார்த்தேன்.

வேலாயுதம் தூரிகையைக் கிண்ணத்தின்மேல் பதனமாக வைத்தார். "என் வயல்ல ரெண்டு கார் நெல்லு தொடர்ந்து கருகிப்போச்சு அய்யா. அஞ்சு அங்குலந்தானன்னு நெனச்சுட்டேன்" என்றார். கீழக்கால் பக்கமிருந்து யாரோ எகிறிக்கொண்டு வந்தார். அய்யா அவரைக் கண்ணாலேயே உட்காரவைத்தார். நாளைக்கே சொந்தச் செலவில் ஐந்து அங்குலத்தையும் கட்டி அடைக்க வேண்டும், இனி அரசாங்க வேலை எதுவும் கிடையாது என்று வேலாயுதத்திடம் சொன்னார். எனக்கும் விட்டுவைக்கவில்லை. தலைமை ஆபீசுக்கு எழுதிய அறிக்கையில் சட்டையும் ஏறியது. அரசாங்கப் படத்தைக் குழந்தைச் சட்டையாக்கியதற்குக் கண்டனம் என்று என் சர்வீஸ் புத்தகத்தில் பதிந்தார்கள். பதவி உயர்வு இரண்டு வருஷம் தள்ளிப் போயிற்று. ரத்தான துணிகளை நாலாகக் கிழித்த பிறகே வெளியே விட வேண்டும் என்று புது விதி வந்தது. மேல்பக்கம் வளைவில்லாமல் நேர்கோடு போட்ட மூன்றை நான் அன்றிலிருந்து எழுதுகிறேன். அதை எவராலும் எட்டாக்க முடியாது.

மறுநாள் மதகில் வேலாயுதமே கரண்டி பிடித்தார். அவருடைய கொத்தனார்கள் சும்மா நின்றார்கள். பூச்சு இறுகுவதற்காக இரண்டு நாள் மேலக்காலை மணல் மூட்டையால் அடைத்து, முறைத் தண்ணீர் முழுவதையும் கீழக்காலுக்குத் திருப்பினோம். அளவு பார்க்க வந்த நான் அதோடு வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம். தண்ணீர் போகிற பக்கமே நடந்தேன்.

காய்ந்த வாய்க்காலில் தண்ணீரின் தலை நாம் நடக்கிற வேகம்கூடப் போகாது. சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு வரும். வெடிப்பைக் கண்டால் நின்று அதைக் குடிக்கவிட்டு, நிரம்பியதும் நகரும். நண்டு வளைகளில் குமிழி வந்தது. ஒவ்வொரு மடையிலும் ஆள் நின்றார்கள். கடைமடைக்கு முதலில் என்று பேசி வைத்திருந்ததால் யாரும் வெட்டவில்லை. மூன்று மைலுக்கு நாலு மணி நேரம் ஆயிற்று. அத்தனை வருஷம் தாளிலேயே வாய்க்கால் வெட்டியவன் நான். ஒரு வாய்க்காலோடு கடைசிவரை போனது அன்றுதான்.

கடைமடையில் என் மாமனார் மண்வெட்டியோடு வரப்பில் நின்றார். தண்ணீர் அவர் கால் விரலைத் தொட்டது. அவர் குனிந்து இரண்டு வெட்டில் மடையைத் திறந்தார். தண்ணீர் நாற்றங்காலுக்குள் பரவி, கருகிய நுனிகளுக்கு நடுவில் மிச்சம் இருந்த பச்சையைச் சுற்றிக்கொண்டு போயிற்று. அது எதிர் வரப்பைத் தொடும்வரை அவர் என் பக்கம் திரும்பவில்லை. பிறகு மண்வெட்டியைக் கழுவித் தோளில் வைத்துக்கொண்டு என் சேறு பிடித்த வேட்டியை ஏற இறங்கப் பார்த்தார்.

"காலைக் கழுவிட்டு வாங்க மாப்ளே. பிள்ளையப் பாத்து எம்புட்டு நாளாச்சு, போவம்" என்று சொல்லி எனக்கு முன்னால் நடந்தார்.